மலைப் பையன்கள் கீழே ஜெயிக்க முடியாதா? பெருவின் சியென்சியானோ அணி பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கேத்திப்பையன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஹட்டிப் (படுகர் ஊர்) பையன்களும் பக்கத்து எஸ்டேட் லயன் வீட்டுப் பையன்களுமாகப் பதினாறு பேருக்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் கால்பந்து சொல்லித் தருகிறேன். முறையாகக் கோச்சிங் படித்தவன் இல்லை. கல்லூரி அணிக்கு மூன்று வருடம் டிஃபன்ஸில் ஆடியவன், அவ்வளவுதான்.

போன மாதம் மலையடிவாரத்தில் ஒரு டோர்னமென்ட். நாலுக்கு ஒன்று என்று தோற்றோம். தோற்றது கூடப் பரவாயில்லை. மேட்ச் முடிந்ததும் நடத்தியவர்களில் ஒருவர் மைக்கில், "இவங்க மேலே குளிர்ல ஓடிப் பழகினவங்க. மேலேயே ஜெயிப்பாங்க, கீழே வந்தா இப்படித்தான்" என்று சொன்னார். கூட்டம் சிரித்தது. கல்லாறில் ஏறிய பஸ் குன்னூர் வந்து சேரும் வரை ஒரு பையனும் வாய் திறக்கவில்லை. பர்லியாறில் டீ குடிக்க இறங்கச் சொன்னேன், யாரும் இறங்கவில்லை. எங்கள் கோல்கீப்பருக்குப் பதினான்கு வயது. அவன் மட்டும் ஹட்டி வந்து இறங்கியபோது கேட்டான்: "அண்ணா, நாம கீழே ஜெயிக்கவே முடியாதா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அப்புறம் இணையத்தில் தேடும்போது பெரு நாட்டில் குஸ்கோ என்ற மலை நகரத்து அணி ஒன்று 2003இல் தென் அமெரிக்கக் கோப்பை வென்றது என்று நாலு வரி படித்தேன். சியென்சியானோ என்று பேர். அவர்களும் மலைக்காரர்கள்தான். ஆனால் அதற்குக் கீழேயே ஒருவர், "எல்லாம் உயரத்தால் கிடைத்த வெற்றி" என்று எழுதியிருக்கிறார். உண்மையா? இந்த அணியின் கதை தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா? அடுத்த மாதம் மறுபடி கீழே இறங்குகிறோம்.

---

கூடலூர் செவன்ஸ் எழுதியது:

தம்பி, உயரம் பெரிய விஷயம்தான், அதை மறைக்க வேண்டாம். பொலிவியாவின் லா பாஸ் நகரம் 3,600 மீட்டர். 2009 ஏப்ரலில் மரடோனா பயிற்சியாளராக இருந்த அர்ஜென்டினா, மெஸ்ஸியோடு அங்கே போய் 6-1 என்று வாங்கிக்கொண்டு வந்தது. 2007இல் ஃபிஃபா, 2,500 மீட்டருக்கு மேல் சர்வதேசப் போட்டியே கூடாது என்று தடை போட்டுப் பார்த்தது. பொலிவிய அதிபர் எவோ மொராலெஸே உச்சி மலையில் பந்தாடிக் காட்டி எதிர்ப்புத் தெரிவித்தார். முதலில் வரம்பை உயர்த்தினார்கள், 2008இல் தடையை நிறுத்தி வைத்தார்கள்.

நம் கணக்கில் சொன்னால் ஊட்டி 2,240 மீட்டர், தப்பித்துவிடும். தொட்டபெட்டா உச்சியில், 2,637 மீட்டரில் ஒரு கிரவுண்டு இருந்திருந்தால் அந்தத் தடையில் மாட்டியிருக்கும். குஸ்கோ கிட்டத்தட்ட 3,400 மீட்டர். அங்கே வந்து ஆடுகிற எவனுக்கும் மூச்சு வாங்கும். சியென்சியானோ ஜெயித்ததில் அதற்குப் பங்கில்லை என்று சொல்ல முடியாது.

---

கப்பல் சமையற்காரர், கோத்தகிரி எழுதியது:

தம்பி கேத்திப்பையா, இந்தக் கேள்விக்குப் பதில் எழுதவே இந்தத் தளத்தில் இன்று கணக்குத் தொடங்கினேன்.

நான் இருபத்திரண்டு வருடம் சரக்குக் கப்பலில் சமையல் வேலை பார்த்தவன். 2003 டிசம்பரில் எங்கள் கப்பல் தாது ஏற்றுவதற்காக பெருவின் கயாவ் துறைமுகத்தில் நின்றது. கயாவ் தலைநகர் லிமாவை ஒட்டியே இருக்கிறது. டிசம்பர் 19, வெள்ளிக்கிழமை ராத்திரி. சமையலறையை முடித்துவிட்டு நாங்கள் மூன்று பேர் கரைக்குப் போனோம். ஒரு சின்ன சாப்பாட்டுக் கடை. எலுமிச்சைச் சாற்றில் ஊறிய மீன், பக்கத்தில் வேகவைத்த சோளம், சர்க்கரைவள்ளிக் கிழங்கு. உட்கார இடமில்லை, நின்றுகொண்டே சாப்பிட்டோம். எல்லோர் கண்ணும் சுவரில் மாட்டியிருந்த டிவியில்.

அதில் ஓடியது சியென்சியானோவும் அர்ஜென்டினாவின் ரிவர் பிளேட்டும் ஆடிய இறுதிப் போட்டி. கடையில் இருந்தவர்கள் லிமாக்காரர்கள். சாதாரண நாளில் ஒருவன் அலியான்சா என்பான், இன்னொருவன் யுனிவர்சிட்டாரியோ என்பான், பக்கத்தில் உட்கார மாட்டார்கள். அன்றைக்கு எல்லோரும் மலைக்காரனுக்காகக் கத்தினார்கள். "சி சே புயேதே, சி சே புயேதே" என்று மேசையைத் தட்டினார்கள். நம் பேச்சில் "முடியும்டா, முடியும்" என்று வைத்துக்கொள்ளுங்கள். அணியின் பயிற்சியாளர் ஃபிரெட்டி டெர்னெரோ அந்த வார்த்தையை விடாமல் சொல்லிச் சொல்லி நாடு முழுக்கப் பரவியிருந்தது.

முதலிலிருந்து சொல்கிறேன். 1825இல் சிமோன் பொலிவார் குஸ்கோவில் ஒரு பள்ளி தொடங்கினார், கொலேஹியோ நசியோனல் தே சியென்சியாஸ். அறிவியல் பள்ளி என்று அர்த்தம். அந்தப் பள்ளி மாணவர்கள் 1901 ஜூலை 8இல் தொடங்கிய கால்பந்துக் கழகம்தான் சியென்சியானோ. அதாவது "சியென்சியாஸ்காரன்". பள்ளிக்கூடப் பையன்களின் அணி. சிவப்புச் சட்டை. பெருவில் பணமும் புகழும் கோப்பையும் லிமாவில்தான் குவியும். அந்த நாட்டுக் கால்பந்தில் லிமா என்பது ஒரு பக்கம், மற்ற ஊர்களெல்லாம் சேர்ந்து இன்னொரு பக்கம். 2003 வரை சியென்சியானோ தேசிய சாம்பியன்ஷிப் ஒன்றுகூட வென்றதில்லை. இன்று வரைக்கும் முழு வருடச் சாம்பியன் பட்டம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. சொந்த நாட்டில் முதலிடம் பிடிக்காத அணி, கண்டத்தின் கோப்பையைத் தூக்கியது.

கூடலூர்க்காரர் சொன்ன உயரத்துக்கு வருகிறேன். நீங்கள் ஸ்கோரை எடுத்துப் பாருங்கள் தம்பி. கால் இறுதியில் பிரேசிலின் சான்டோஸ். பீலே ஆடிய கழகம், அப்போது ராபின்யோவும் டியேகோவும் இருந்த அணி. முதல் ஆட்டம் சான்டோஸின் சொந்தக் கிரவுண்டில், கடல் மட்டத்தில்: 1-1. அரை இறுதியில் கொலம்பியாவின் அத்லெத்திக்கோ நசியோனல். மெதெயின் நகரத்துக்கு இறங்கிப் போய் 2-1 என்று ஜெயித்தார்கள். அது 1,500 மீட்டர், குன்னூரை விடத் தாழ்வு. இறுதிப் போட்டியின் முதல் ஆட்டம் டிசம்பர் 10, புவனஸ் அயர்ஸில் ரிவர் பிளேட்டின் பெரிய ஸ்டேடியம். கடல் மட்டம்தான். எதிரே மார்செலோ சாலஸ் போன்ற ஸ்ட்ரைக்கர், பயிற்சியாளர் பெலெக்ரினி. ஸ்கோர் 3-3. அங்கே மூன்று கோல் போடுவதற்கு எந்த மலைக் காற்று உதவியது?

அந்த மூன்றில் இரண்டு போட்டவர் ஹெர்மான் கார்த்தி. உச்சரிப்பு ஏறக்குறைய நம் ஊர் கார்த்திதான். அப்போது அவருக்கு வயது 35. அந்தத் தொடரில் 6 கோலோடு அதிக கோல் அடித்தவரும் அவரே. கோல்கீப்பர் ஆஸ்கார் இபான்யெஸ், அர்ஜென்டினாவில் பிறந்து பெருவின் குடிமகன் ஆனவர். பிறந்த நாட்டு அணிக்கு எதிராகக் கோல் காத்தார். உங்கள் பையனிடம் இதைச் சொல்லுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். இரண்டாவது ஆட்டம் குஸ்கோவில் நடக்கவே இல்லை! இறுதிப் போட்டிக்கு வேண்டிய அளவு இருக்கை குஸ்கோ ஸ்டேடியத்தில் கிடையாது. அதனால் சொந்த ஊரை விட்டு அரெக்கிப்பா நகரத்துக்குப் போய் ஆடினார்கள். மிஸ்தி எரிமலைக்குக் கீழே இருக்கிற ஊர் அது. உயரம் 2,335 மீட்டர். ஊட்டி எவ்வளவு? 2,240. ஊட்டி மார்க்கெட்டில் நின்று தொட்டபெட்டா ரோட்டில் சின்னதாக ஒரு ஏற்றம் ஏறினால் அந்த உயரம் வந்துவிடும். குஸ்கோவின் 3,400 மீட்டரிலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்கி வந்துதான் அந்தக் கோப்பையை ஜெயித்தார்கள்.

அந்த ஆட்டத்தை நான் கண்ணால் பார்த்தேன். கோல் இல்லாமல் இழுத்துக்கொண்டே போனது. சியென்சியானோவுக்கு ஒரு ரெட் கார்டு விழுந்தபோது கடைக்காரர் டிவிக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு தட்டுக் கழுவ ஆரம்பித்துவிட்டார். 78ஆவது நிமிடம் ஃப்ரீ கிக். பராகுவேக்காரர் கார்லோஸ் லூகோ பந்துக்குப் பின்னால் நின்றார். அடித்தார். பந்து உள்ளே. கடைக்காரர் கையில் இருந்த தட்டு அப்படியே கீழே விழுந்தது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்புறம் இன்னொரு ரெட் கார்டு. கடைசியில் ஒன்பது பேர் நின்று அந்த ஒரு கோலைக் காப்பாற்றினார்கள். விசில் ஊதியதும் எனக்குப் பக்கத்தில் நின்ற பெரியவர், அறுபது வயது இருக்கும், சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் குஸ்கோ பக்கத்துக் கிராமத்திலிருந்து வேலைக்கு லிமா வந்தவராம். என் கூட வந்த கோவாக்காரன் ஸ்பானிஷ் தெரிந்தவன், அவன்தான் கேட்டுச் சொன்னான். நான் எந்த ஊர் என்று பெரியவர் கேட்டார். மலை ஊர், உருளைக்கிழங்கு விளைகிற ஊர் என்று சொல்லச் சொன்னேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். உருளைக்கிழங்கின் தாய்மண் அவர்களுடைய மலைதானே. அங்கிருந்து உலகம் சுற்றித்தான் அது நம் மலைக்கு வந்து சேர்ந்தது.

பெரு நாட்டின் எந்த அணியும் அதற்கு முன்பு தென் அமெரிக்கக் கண்டத்து அளவில் கோப்பை வென்றதில்லை. லிமாவின் யுனிவர்சிட்டாரியோ 1972இலும் ஸ்போர்ட்டிங் கிறிஸ்டல் 1997இலும் அந்தக் கண்டத்தின் இன்னொரு கோப்பையான லிபெர்த்தடோரஸில் இறுதி வரை போய்த் தோற்றன. மலைக்காரர்கள்தான் முதலில் கொண்டுவந்தார்கள்.

---

கொடைக்கானல் பி.டி. டீச்சர் எழுதியது:

ஐயா எழுதியதைப் படித்து மனசு நிறைந்துவிட்டது. நான் கொடைக்கானலில் உடற்பயிற்சி ஆசிரியை. பழனிக்கும் வத்தலக்குண்டுக்கும் பிள்ளைகளைப் பல வருடம் இறக்கிக் கூட்டிப்போன அனுபவத்தில் தம்பிக்குச் சில விஷயம் சொல்கிறேன்.

மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். குஸ்கோ உயரத்தில் கடல் மட்டத்தில் இருப்பதில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்குதான். அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிற ஆக்சிஜன் குறைவு. அங்கேயே வாழ்கிறவர்களின் ரத்தத்தில் சிவப்பணுக்கள் கூடியிருக்கும். கீழேயிருந்து வருகிறவனுக்கு அது சேர வாரக்கணக்கில் ஆகும். ஆக உயரம் கஷ்டப்படுத்துவது மேலே வருகிறவனைத்தான். கீழே இறங்குகிற நம் பிள்ளைகளுக்கு மூச்சில் ஒரு குறையும் வராது. மைக்கில் பேசியவர் சொன்னது தப்பு.

நம் பிள்ளைகளைத் தோற்கடிப்பது வெயில். குளிரில் வளர்ந்த உடம்பு வியர்த்துப் பழகியிருக்காது. இரண்டாம் பாதியில் கால் பிடித்துக்கொள்ளும். உங்கள் பையன்கள் நாலு கோலில் எத்தனை வாங்கினது ஹாஃப் டைமுக்கு அப்புறம்? யோசித்துப் பாருங்கள். முடிந்தால் நாலைந்து நாள் முன்னாலேயே இறங்கி வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாக ஓட விடுங்கள். வசதி இல்லையென்றால் முந்தின நாள் மாலையாவது போய்விடுங்கள். காலையில் கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுத்துவிட்டு வெறும் வயிற்றில் மதியம் ஆடுகிற பிள்ளை என்ன ஓடும்? நீர்மோரில் உப்புப் போட்டுக் கொடுங்கள், ஆட்டத்துக்கு முன்னாலும் இடையிலும்.

இன்னொன்று, பந்து. மலையில் காற்று லேசு. பந்து வேகமாகப் போகும், வளைவது குறையும். கீழே காற்று கனம். மேலே அளந்து பழகிய லாங் பாஸ் கீழே கொஞ்சம் முன்னாலேயே விழும். போய் இறங்கியதும் முதல் அரை மணி நேரம் நீள பாஸ் மட்டும் அடிக்க விடுங்கள், கால் தானாகக் கணக்குப் போட்டுக்கொள்ளும். கோல்கீப்பருக்கும் கோல் கிக் அதே மாதிரி.

---

கூடலூர் செவன்ஸ் எழுதியது:

அரெக்கிப்பா விஷயம் எனக்குத் தெரியாது. குஸ்கோவிலேயே ஃபைனல் ஆடினார்கள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். நன்றி அண்ணா.

ஆனால் ஒன்று கேட்கிறேன். சான்டோஸை 2-1, நசியோனலை 1-0 என்று முடித்தது குஸ்கோவில்தானே? 2,300 மீட்டரும் புவனஸ் அயர்ஸ்காரனுக்குச் சும்மா இல்லையே? அப்புறம், அதற்குப் பிறகு அந்த அணி என்ன ஆனது?

---

கப்பல் சமையற்காரர், கோத்தகிரி எழுதியது:

நியாயமான கேள்வி. குஸ்கோவில் அவர்களுக்குப் பலம் இருந்தது, அரெக்கிப்பாவிலும் ரிவர்காரர்களுக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கியிருக்கும். சொந்த வீட்டில் எவனுக்கும் ஒரு பலம் உண்டு. சான்டோஸுக்கு அவர்கள் ஊர் வெக்கை, ரிவருக்கு அந்தப் பெரிய ஸ்டேடியத்தின் கூச்சல். மலைக்காரன் ஜெயித்தால் மட்டும் ஏன் மலையைக் காரணம் சொல்ல வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம். ஒன்பது பேராக நின்று ஆடியவர்களைப் பார்த்துவிட்டு வந்தவன் நான். காற்று ஆடியது என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது.

அடுத்த வருடம் இன்னும் பெரியது நடந்தது. 2004 செப்டம்பர் 7. ரெகோப்பா என்று ஒரு போட்டி, அந்தக் கண்டத்தின் இரண்டு கோப்பைகளையும் வென்ற அணிகள் மோதுவது. எதிரே அர்ஜென்டினாவின் போகா ஜூனியர்ஸ். ஆட்டம் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், ஃபோர்ட் லாடர்டேல் நகரத்தில். கடற்கரை ஊர்! டெவெஸ் போகாவுக்கு கோல் போட்டார். 89ஆவது நிமிடம் ரோட்ரிகோ சராஸ் திருப்பிப் போட்டார், 1-1. பெனால்டியில் 4-2 என்று சியென்சியானோ ஜெயித்தது. ஒரே வருடத்துக்குள் ரிவர், போகா இரண்டும் காலி.

அதற்குப் பிறகு இறக்கம் வந்தது. 2005இல் லீகின் முதல் பாதியை ஜெயித்தார்கள், 2006இல் இரண்டாம் பாதியை. இரண்டு முறையும் முழுப் பட்டம் லிமாவுக்குப் போனது. அப்புறம் வருடா வருடம் கீழே கீழே. 2015இல் முதல் டிவிஷனிலிருந்தே இறங்கினார்கள். அதே வருடம் செப்டம்பரில் டெர்னெரோ புற்றுநோயால் இறந்துபோனார். வயது 53தான். கோப்பைக்கு அப்புறம் அவர் லிமாவில் சான் மார்ட்டின் தே போரெஸ் என்ற பகுதிக்கு மேயராகவும் இருந்தவர். அவரும் போய், அணியும் இறங்கிய அந்த வருடத்தை நினைத்தால் குஸ்கோக்காரர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! நான் அப்போது கப்பலை விட்டு ஊர் வந்துவிட்டேன். இந்தச் செய்தியைப் போனில் படித்த அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நாலு வருடம் இரண்டாம் டிவிஷனில் கிடந்தார்கள். 2019இல் அதில் சாம்பியன் ஆகி 2020இல் மேலே வந்தார்கள். 2023இல் பார்த்தால் முதல் டிவிஷனில் குஸ்கோவிலிருந்து மட்டும் மூன்று அணிகள்: சியென்சியானோ, அதன் பழைய எதிரி டெப்போர்ட்டிவோ கார்சிலாசோ, குஸ்கோ எஃப்.சி. கார்சிலாசோவும் ஒரு பள்ளிக்கூடத்து அணிதான். ஸ்டேடியத்தின் பேரும் கார்சிலாசோ. இன்கா இளவரசிக்கும் ஸ்பானியத் தளபதிக்கும் பிறந்த எழுத்தாளர் ஒருவர், குஸ்கோவில் 1539இல் பிறந்தவர், அவர் பேர். ஸ்டேடியத்துக்கு ஓர் எழுத்தாளர் பேரை வைத்த ஊரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சியென்சியானோவை அங்கே "எல் பப்பா" என்று கூப்பிடுவார்கள், அப்பா என்று பொருள். கடைசி எழுத்தை அழுத்திச் சொன்னால் அப்பா, முதல் எழுத்தை அழுத்தினால் உருளைக்கிழங்கு. கயாவ் மார்க்கெட்டில் கிழங்கு வாங்கும்போது நான் மாற்றிச் சொல்லி, கடைக்கார அம்மா நின்று நிதானமாகத் திருத்தி இரண்டு முறை சொல்ல வைத்தார்கள்.

---

கேத்திப்பையன் எழுதியது:

ஐயா, அக்கா, கூடலூர் அண்ணா, எல்லோருக்கும் நன்றி.

அக்கா கேட்டதை யோசித்துப் பார்த்தேன். ஹாஃப் டைமில் 1-1. மூன்று கோலும் இரண்டாம் பாதியில்தான் வாங்கினோம். கடைசி கோல் விழும்போது எங்கள் லெஃப்ட் பேக் தொடை பிடித்துக் கீழே உட்கார்ந்திருந்தான். அன்று காலை ஆறு மணி பஸ்ஸில் இறங்கினோம், இரண்டு பேர் வழியில் வாந்தி. இது எனக்குத் தோன்றவே இல்லை. இந்த முறை முந்தின நாளே போகிறோம், அடிவாரத்தில் ஒரு பையனின் மாமா வீட்டு மாடியில் படுக்க இடம் கேட்டிருக்கிறேன். நீர்மோரை மாமியே செய்து தருவதாகச் சொல்லிவிட்டார்.

ஞாயிறு பயிற்சி முடிந்ததும் பையன்களை உட்கார வைத்து ஐயா எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். 3-3 வந்தபோது ஒருவன் கை தட்டினான். அரெக்கிப்பாவின் உயரத்தைச் சொன்னதும் கோல்கீப்பர் எழுந்து, "நம்ம ஊட்டி உயரமா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அப்புறம் இபான்யெஸ் பேரை நோட்டில் எழுதித் தரச் சொன்னான். லூகோ அடித்த மாதிரி ஃப்ரீ கிக் பழகணும் என்று நாலு பேர் இருட்டும் வரை கிரவுண்டை விட்டுப் போகவில்லை, பனி இறங்கிப் பந்தே தெரியவில்லை.

---

கப்பல் சமையற்காரர், கோத்தகிரி எழுதியது:

தம்பி, அந்த ஆட்டத்துக்கு மறுநாள் காலை கயாவில் வாங்கிய செய்தித்தாள் ஒன்று என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. மடிப்பில் கிழிந்திருக்கிறது, படம் நன்றாகத் தெரியும். சிவப்புச் சட்டைக்காரர்கள் கோப்பையைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். வருகிற ஞாயிறு எடுத்து வருகிறேன், பையன்கள் தொட்டுப் பார்க்கட்டும். கோத்தகிரியிலிருந்து முதல் பஸ்ஸில் ஏறினால் உங்கள் பயிற்சிக்கு வந்துவிடலாமா? எத்தனை மணிக்கு ஆரம்பிக்கிறீர்கள், எந்த ஸ்டாப்பில் இறங்கவேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். பதினாறு பேருக்கும் உருளைக்கிழங்கு போண்டா நான் செய்து கொண்டுவருகிறேன்.